பிஸ்கட் வெப்சைட்டும் இரண்டு கோர்ஸும்

1. யு.பி.எஸ். கத்திய மத்தியானம்

அன்று மத்தியானம் கரண்ட் போனதும் பிரவுசிங்கில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். கவுண்டரில் இருந்த கம்ப்யூட்டரும் மோடமும் மட்டும் யு.பி.எஸ். தயவில் ஓடிக்கொண்டிருந்தன. யு.பி.எஸ். கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. அதன் பேட்டரி தீர்வதற்குள் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. திரையில் இரண்டு விண்டோ திறந்திருந்தது. இரண்டும் அஃபிலியேட் வெப்சைட் கட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் ஆன்லைன் கோர்ஸ். எங்களால் ஒன்றைத்தான் வாங்க முடியும். எங்களிடம் கிரெடிட் கார்டு கிடையாது. நெய்வேலியில் இருந்த என் பெரியப்பா மகன், ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்குள் கேட்டால் கார்டு நம்பரைப் போனில் சொல்கிறேன் என்றிருந்தான்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அப்போது எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கூடவே டி.டி.பி., ஜெராக்ஸ். கல்யாணப் பத்திரிகை டைப் செய்ய வருபவர்கள், ரிசல்ட் பார்க்க வருபவர்கள், வேப்பூரிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் வேலைக்கு அப்ளை செய்ய வருபவர்கள் என்று கடையில் ஆள் இருக்கும். வருவது கடை வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாகப் போய்விடும். வீட்டில் அடுப்பு எரிந்தது என் வீட்டுக்காரர் கதிர்வேல் சம்பளத்தில்.

அவர் செராமிக் டிப்ளமா படித்தவர். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் பாடி செக்ஷனைப் பார்த்துக்கொண்டார். பாடி என்பது பொம்மையும் கப்பும் செய்வதற்கான மண் கலவை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், சைனா கிளே எல்லாம் மாவாக மூட்டையில் வரும். எடை போட்டு, பால் மில் என்கிற அரவை உருளையில் கொட்டி, தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். சூப்பர்வைசர் என்று பெயர்தான். ஆள் வராத நாளில் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதும் அவரேதான், ஆள் வராத நாள்தான் அதிகம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகக் கொட்டியிருக்கிறார். வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். "தாத்தா வந்துட்டாரு" என்று கேலி செய்வேன்.

அந்த வருஷம் மேம்பாலம் ஏறினால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடலூரில் நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேல பாக்குறீங்க?" என்றார். சொன்னோம்.

"மருந்து அப்பறம். மொதல்ல அந்தத் தூசிய வுட்டு வெளிய வாங்க" என்றார். நுரையீரலில் படிந்தது படிந்ததுதான், போகாது, இனிமேல் படியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கினார்.

வெளியே வருவது என்றால் எங்கே வருவது? இவர் முதலாளியிடம் போய் ஆபீசில் ஏதாவது வேலை கேட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. "ஆபீஸ்ல ஏற்கெனவே ரெண்டு பேரு ஒக்காந்து ஈ ஓட்டுறான் கதிரு. பாடி செக்ஷன்ல ஒன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா, நீயே சொல்லு" என்றாராம். அவர் சொன்னதும் உண்மைதான்.

அஃபிலியேட் மார்க்கெட்டிங் எங்களுக்கு ஈமெயிலில் வந்து சேர்ந்தது. இன்று செல்போனைத் திறந்தால் நாலு பேர் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்று எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால், எந்தக் காலேஜுக்கு அஃபிலியேஷன் போச்சு என்று கேட்பார்கள். விஷயம் சுலபமானது. ஒரு பொருளைப் பற்றி நாம் வெப்சைட் போட்டு எழுத வேண்டும். படிக்க வருகிறவர் அதிலிருக்கும் லிங்கை அழுத்தி வேறொரு கடையில் அந்தப் பொருளை வாங்கினால், கடைக்காரர் நமக்குக் கமிஷன் தருவார். நமக்குச் சரக்கும் வேண்டாம், குடோனும் வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். இவருக்கு அந்த 'உட்கார்ந்த இடம்' ஒன்றே போதுமாக இருந்தது.

சரி, கோர்ஸுக்கு வருகிறேன். முதல் விண்டோவில் இருந்த கோர்ஸின் பக்கம் கீழே இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. பாதி வரி மஞ்சள் கலர், பாதி சிவப்பு. ஒரு வெள்ளைக்காரர் காரில் சாய்ந்தபடி நின்று, ஒரே மாதத்தில் வருமானம் என்றார். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் வாங்காவிட்டால் விலை ஏறிவிடுமாம்.

இரண்டாவது விண்டோ வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. அதை நடத்தியவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். கலரும் இல்லை, காரும் இல்லை. முதல் மாதம் ஒரு பக்கம்கூட எழுதக் கூடாது, உங்கள் வாடிக்கையாளர் எப்படிப் பேசுகிறார் என்று கவனிப்பதுதான் முதல் பாடம் என்று எழுதியிருந்தார். ஒரு வருஷத்துக்குள் வருமானத்தை எதிர்பார்ப்பவர்கள் இதை வாங்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். தன் கடைக்குத் தானே பூட்டுப் போடுகிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இந்தம்மா ஒரு வருஷம்கிறாங்க, அந்தாளு ஒரு மாசம்கிறான். நடுவுல எங்கியும் ஒரு ஆளு கெடைக்கலியா ஒனக்கு?" என்றார் இவர்.

"மஞ்சக் கலர்ல எழுதிட்டா நெசமாயிடுங்களா?" என்றேன்.

"நெசமில்லன்னு எனக்கும் தெரியுதும்மா. பாதி நெசமா இருந்தாக்கூட ரெண்டு மாசத்துல வெளிய வந்துடலாம். இந்தம்மா சொல்றது முழுசும் நெசமா இருந்தாலும் ஒரு வருஷம் ஆவும். ஒரு வருஷத்துக்கு நான் எத்தினி மூட்ட கொட்டுவேன்னு நெனச்சிப் பாரு."

நான் நினைத்துப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து யு.பி.எஸ். நீளமாக ஒரு கத்து கத்திவிட்டு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு முதல் கோர்ஸின் பக்கத்தை மறுபடி திறந்தோம். அந்தக் கடிகாரம் பழையபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்திருந்தது. ரெஃப்ரெஷ் செய்தேன். மறுபடி முதலிலிருந்து.

இவர் சிரித்துவிட்டார். "இந்தாளு குடுத்து வச்சவன். ஒவ்வொரு வாட்டியும் மொதல்லேருந்து ஓடுது பாரு இவனுக்கு."

அது பொய்க் கடிகாரம் என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கோர்ஸை வாங்கினோம். ஏமாந்து வாங்கினோம் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

2. எங்கள் ஊர் பிஸ்கட்

கோர்ஸில் மொத்தம் ஏழெட்டு வீடியோ. பிராட்பேண்ட் அப்போதுதான் வந்திருந்தது, ஒரு வீடியோ முழுதாக ஓடுவதற்குள் ஒரு கல்யாணப் பத்திரிகையை டைப் அடித்து பிரிண்ட் எடுத்துவிடலாம். எல்லா வீடியோவிலும் கார்க்காரர் சொன்னது ஒன்றுதான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை எழுதுங்கள், யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், இன்றே போடுங்கள்.

இவருக்கு நன்றாகத் தெரிந்தது பிஸ்கட்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அச்சில் வார்த்த பொம்மையைக் காயவைத்து, முதல் தடவை சூளையில் வேகவைத்து எடுத்தால் மினுமினுப்பு இல்லாமல் வெள்ளையாக, சொரசொரப்பாக வரும். அதற்குத்தான் பிஸ்கட் என்று பெயர். வண்ணம் தீட்டுவதும் மினுமினுப்புக்குக் கிளேஸ் பூசுவதும் அதற்குப் பிறகு. இவருடைய டிப்ளமா புத்தகத்திலும் அதே பெயர்தான். எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் "நேத்து நாலு பெட்டி பிஸ்கட்டு ஒடஞ்சு போச்சுப்பா" என்றால், பக்கத்தில் இருப்பவர் "சூளையிலயா, லாரியிலயா?" என்றுதான் கேட்பார். கையில் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டேதான் கேட்பார்.

வெளிநாட்டில் வண்ணம் தீட்டாத பிஸ்கட் பொம்மைகளை வாங்கி வீட்டிலேயே பெயிண்ட் அடித்து, சின்ன எலெக்ட்ரிக் சூளையில் வைத்துச் சுடுவது பெண்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. பிரஷ், கலர், கிளேஸ், சூளை எல்லாம் விற்கிற ஒரு ஆன்லைன் கடை கமிஷன் தருவதாக இருந்தது. இவர் துள்ளிக் குதித்தார். டொமைன் பெயரிலேயே பிஸ்கட் என்று வருகிற மாதிரி வாங்கினோம். நல்ல பிஸ்கட் எப்படி இருக்க வேண்டும், பிஸ்கட் ஏன் விரிசல் விடுகிறது, பிஸ்கட்டைத் தட்டிப் பார்த்துத் தரம் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் போட்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அவருடைய ஆங்கிலம் புத்தக ஆங்கிலம், ஆனால் தப்பில்லாத ஆங்கிலம்.

ஆட்கள் வந்தார்கள். நிஜமாகவே வந்தார்கள். வந்தவர்களை எண்ணிக் காட்டும் கவுண்டரை வெப்சைட்டில் திறந்து பார்த்தால் நேற்றைவிட இன்று கூடுதல். இவர் சாப்பாட்டு நேரத்தில் யூனிட் போனிலிருந்து கூப்பிட்டு, "எத்தினி பேரு வந்தாங்க?" என்று கேட்பார். நான் சொன்னதும் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் அதைத் திருப்பிச் சொல்வது எனக்குக் கேட்கும். பாடி செக்ஷனில் இருந்த அத்தனை பேருக்கும் எங்கள் வெப்சைட்டின் டிராஃபிக் தெரியும்.

ஒரு விற்பனைகூட ஆகவில்லை. அதைப் பற்றி எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. முதலில் கூட்டம் வரும், பிறகு பணம் வரும் என்று கார்க்காரர் சொல்லியிருந்தார். கூட்டம் வந்துவிட்டதே.

ஐப்பசியில் ஒருநாள் இவர் முதலாளியிடம், "தை பொறந்ததும் நின்னுக்கிறேன் மொதலாளி, வேற ஆளு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று துண்டை உதறி, "பொங்கலோட இதுக்கும் லீவு" என்றார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

3. அடி தீய்ந்து போகிறது

எங்கள் வெப்சைட்டில் சந்தேகம் கேட்பதற்கு ஒரு கான்டாக்ட் ஃபார்ம் வைத்திருந்தோம். அதில் வந்த முதல் கேள்வி வெளிநாட்டு அம்மாள் ஒருவருடையது. பக்கத்தைப் படித்துப் பார்க்காமலே எழுதியிருப்பார் போல. என் பிஸ்கட் ஒவ்வொரு தடவையும் அடியில் தீய்ந்து போகிறது, நடுவில் வேகவே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்.

முதன்முதலாக ஒருவர் கேள்வி கேட்டுவிட்டார் என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் டைப் அடித்தேன். பதில் இதுதான். நடு வேகாமல் இருப்பதற்குக் காரணம் ஈரம். ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள். சூட்டை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். ஆயிரம் டிகிரியைத் தாண்ட வேண்டாம். அடியில் தீய்வதற்குக் காரணம் தட்டில் நேராக வைப்பது. நன்றாகக் கழுவிக் காயவைத்த மெல்லிய மணலைத் தட்டில் தூவி அதன்மேல் வையுங்கள்.

டைப் அடித்த எனக்கும் ஒன்றும் தப்பாகப் படவில்லை. வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் கேக் செய்யும்போது நாங்கள் அடியில் மணல் கொட்டித்தான் பாத்திரத்தை வைப்போம். எதையாவது வேகவைக்க அடியில் மணல் போடுவது எங்களுக்கு உலக வழக்கம் மாதிரி.

மறுநாள் பதில் வந்தது. மணலா? இதை என் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள், நீங்கள் விளையாடுகிறீர்களா?

இவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "அமுதா, இந்தம்மா பிஸ்கட்ட திங்கப் போவுது" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு பீறிக்கொண்டு வந்துவிட்டது. "ஆயிரம் டிகிரில வெந்த பிஸ்கட்டுங்க, பல்லு இருக்குமா அந்தப் பிள்ளைங்களுக்கு?" என்று நான் ஒன்று சொல்ல, "நாமளே தட்டிப் பாத்துதான் தரம் சொல்லுவோம்" என்று அவர் ஒன்று சொல்ல, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சிரிப்பு நின்றுவிட்டது, இருமல் நிற்கவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே நேரமாயிற்று. உதடு நீலமாகிவிட்டது. கடைப்படியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். ரோட்டில் சேத்தியாத்தோப்பு பஸ் ஒன்று போயிற்று. அது போட்ட புழுதி அடங்கும்வரை இவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

மூச்சு வந்ததும் அவர் கேட்டது: "அப்ப வந்தவங்க எல்லாரும்?"

எனக்கு அது அதற்கு முன்பே தோன்றிவிட்டது. போய்த் திறந்து பார்த்தேன். என்ன வார்த்தையைத் தேடி ஆட்கள் எங்களிடம் வந்தார்கள் என்று காட்டும் ஒரு பகுதி உண்டு. அதுவரை நாங்கள் அதைத் திறந்ததே இல்லை. கார்க்காரர் திறக்கச் சொல்லவில்லை. வெண்ணெய் பிஸ்கட், இஞ்சி பிஸ்கட், சர்க்கரை நோயாளிக்கு பிஸ்கட், நாய் பிஸ்கட். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். பொம்மையைத் தேடி வந்தவர் ஒருவர்கூட இல்லை.

"நாய் பிஸ்கட்டுக்குமா நம்மகிட்ட வந்தாங்க" என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

4. தை மாதம்

கோர்ஸ்காரரின் சப்போர்ட்டுக்கு எழுதினேன். எங்கள் தவறு என்ன, வார்த்தையை எப்படிச் சரிசெய்வது என்று விவரமாகக் கேட்டேன். இன்னும் அதிக டிராஃபிக் கொண்டுவருவதற்கான அட்வான்ஸ்டு கோர்ஸ் இருக்கிறது, வாங்குங்கள் என்று பதில் வந்தது. மெஷின் போட்ட பதில். எனக்கு வந்த கோபத்தில் மானிட்டரை எடுத்து ரோட்டில் போட்டிருப்பேன். அது ஒரு ரூபாய் ஒரு ரூபாயாக ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வாங்கிய மானிட்டர் என்பதால் போடவில்லை.

பொங்கல் கழிந்து இவர் மறுபடி யூனிட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப மனசு வரவில்லை. முதலாளி மேஜையில் கரும்புத் துண்டு இன்னும் கிடந்தது.

"நின்னுக்கிறேன்னு சொன்னேன் மொதலாளி. இருந்துக்கிறேன்" என்றார் இவர்.

முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. "இருந்துக்க கதிரு. ஒனக்கு இல்லாத எடமா" என்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிஸ்கட் கதையைச் சொல்லி எல்லாரும் சிரித்திருப்போம். அவர் கேட்காமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்தபோது இவர் துண்டை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டார். "நீ போம்மா, கடைய தொறக்கணும்ல" என்றார். துண்டுக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

5. பிஸ்க்

கண்ணாடிக்கார அம்மாளின் கோர்ஸை அந்த வருஷம் வைகாசிக்குப் பிறகுதான் வாங்க முடிந்தது. முதல் பாடம் முன்பே இலவசமாகப் படித்ததுதான்: உங்கள் ஊரில் அந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்பது முக்கியமில்லை, வாங்குகிறவர் அதை என்னவென்று தேடுகிறார் என்று பாருங்கள். வாங்குகிறவர்கள் கூடிப் பேசுகிற ஃபோரம்களில் ஒரு மாதம் வாயைத் திறக்காமல் உட்காருங்கள்.

இவர் உட்கார்ந்தார். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் கடையைத் திறந்து, வெளிநாட்டுப் பெண்கள் பொம்மைக்குக் கண் வரைவதைப் பற்றிப் பேசுவதையெல்லாம் படித்தார். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, நான் டீ கொண்டுபோய் வைத்தபோது ஒரு வார்த்தையைக் காட்டினார். அமெரிக்காவில் அதை பிஸ்கட் என்று சொல்வதில்லை, பிஸ்க் என்கிறார்கள். சொல்லிப் பார்த்தால் பிஸ்கட்டில் கடைசிச் சத்தம் மட்டும் குறைச்சல், அவ்வளவுதான்.

"நம்ம ஊரு வார்த்தயத்தான் ஒலகமே பேசுதுன்னு நெனச்சிட்டோம்" என்றார். "மூணே நாளு வேல அமுதா இது." டீ ஆறிப்போனது.

புது வெப்சைட் போட்டோம். நாளைக்கு ஆறு பேர், ஏழு பேர் வந்தார்கள். முன்பு வந்த கூட்டத்தோடு பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஆறு பேரும் பொம்மையைத் தேடி வந்தவர்கள். நாலைந்து வாரத்தில் ஒருவர் எங்கள் லிங்க் வழியாக ஒரு பிரஷ் செட் வாங்கினார். இவர் அந்தப் பிரஷ் செட்டின் படத்தைப் பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். கோர்ஸ்காரம்மாள் சொன்னது சரிதான், ஒரு வருஷத்துக்கும் மேலேயே ஆயிற்று. ஆனால் அந்த வெப்சைட் எங்களுக்குச் சோறு போட்டது. இவர் யூனிட்டை விட்டு நின்றார். கடைசி நாள் துண்டைக் கொண்டுவந்து அவரே துவைத்துக் கொடியில் போட்டார்.

கடலூர் டாக்டரிடம் சந்தோஷமாகச் சொன்னோம். அவர் புது எக்ஸ்ரேயையும் பழைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தூசிய வுட்டு வந்துட்டீங்க, நல்லது. தூசி ஒங்கள வுடணுமே" என்றார்.

அது விடவில்லை. வேலையை விட்ட பிறகும் அது உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டி வந்தது. எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். மெஷினுக்காக ஒரு இன்வெர்ட்டர் வாங்கினோம். அந்த வெப்சைட் எங்களுக்கு வாங்கிக் கொடுத்த பெரிய பொருள் அதுதான். கரண்ட் போனால் ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அது மெஷினைப் பிடித்துக்கொள்ளும். "நம்ம பிஸ்க்கு ஓடுது" என்பார் இவர். மூக்கில் டியூபோடு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். சந்தேகம் கேட்கிறவர்களிடம் முதல் வரியிலேயே, நீங்கள் கேட்பது சாப்பிடுகிற பொருள் இல்லையே என்று கேட்டுக்கொள்வார். அது அவர்களுக்குப் புரியாது. எங்களுக்குப் புரியும்.

ஒரு புரட்டாசி மாதம் அவர் போய்விட்டார். பகலில்தான். அன்றைக்குக் கரண்ட் இருந்தது.

6. எந்தக் கோர்ஸ் எடுக்கலாம் மேடம்?

அந்த மெதுவான கோர்ஸை முதலிலேயே எடுத்திருந்தால் இவர் தப்பித்திருப்பாரா என்று டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் கம்மியா படிஞ்சிருக்கும்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே கூடாது என்று இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருக்கிறேன்.

பிரவுசிங் சென்டர் இப்போது இல்லை. அவர் தொடங்கிய வெப்சைட்டோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்து நடத்துகிறேன். தொழில் கற்க வருபவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். கோர்ஸ் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது என்று நான் சொல்வது கொஞ்சம்தான். அந்தக் கோர்ஸ் உங்களுக்கு என்ன தரும் என்று போட்டிருப்பதைத் தள்ளிவிட்டு, முதல் வாரம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். வாங்குகிறவரின் பேச்சைக் கேட்கச் சொல்லாமல் பக்கத்தைப் போடச் சொல்கிற கோர்ஸ் எதுவும் உதவாது. சந்தேகம் எழுதிப் போட்டால் மனுஷர் பதில் போடுகிறாரா என்று வாங்குவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். கடிகாரம் ஓடினால் ரெஃப்ரெஷ் செய்து பாருங்கள்.

இதெல்லாம் சொன்ன பிறகும் வகுப்பில் யாராவது, "ஒரே மாசத்துல வருமானம்னு சொன்னா நம்புவாங்களா மேடம், அவ்ளோ பேராசையா?" என்று சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்தக் கோர்ஸை வாங்குகிறவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் இல்லை. சிலருக்கு அவசரம். எவ்வளவு அவசரம் என்று அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது.

அதனால், எந்தக் கோர்ஸ் எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்பேன். "ஒங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குது?"

போன வாரமும் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வூட்டு வேலையெல்லாம் முடிச்சா டெய்லி ரெண்டு மணி நேரம் இருக்கும் மேடம்" என்றாள்.

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் கேட்ட நேரம் ஒன்று, அவர்கள் காதில் விழும் நேரம் வேறு. நான் திருத்துவதில்லை. அவர்கள் அப்படிப் புரிந்துகொள்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

"அப்ப மெதுவானதையே எடுத்துக்கம்மா" என்றேன். "ஒனக்கு நேரம் இருக்குது."